பெயர் போடாவிட்டால் போதுமா?

போன வருடம், ரிவர்ஸ்டன் பக்கம் மழை விடாமல் பெய்த நேரம். மாத்தளை டவுனுக்கு டியூஷன் போய்வந்த என் மகளிடம், அங்கே படிப்பித்த மாஸ்டர் தவறாக நடக்கப் பார்த்திருக்கிறான். பிள்ளை அழுதுகொண்டே வந்து சொன்னாள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம், ஆள் பிடிபட்டான். அப்பாடா என்று மூச்சுவிடக்கூட இல்லை, ஒரு பத்திரிகை நிருபர் போன் எடுத்தார்.

"நாளைக்கு செய்தி வருது. பயப்படாதீங்க, பிள்ளையோட பேர் வராது" என்றார். எழுதியதை வாசித்தும் காட்டினார். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பரா ஆயாவின் மகள் என்று அதில் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா எங்கள் தோட்டத்தில் ஒன்றுதான், ஆயா நான் ஒருத்திதான். இதற்குமேல் பெயர் எதற்கு? மகளோ, "பேப்பர்ல வந்துச்சின்னா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

பேப்பரில் இருந்த நம்பருக்கு எடுத்து, பத்திரிகை ஆசிரியரிடம் பேச வேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் லைனில் வந்ததும், "செய்திய நிப்பாட்டுங்கய்யா" என்று கெஞ்சினேன்.

"நிப்பாட்டினா, அந்த ஆள்கிட்ட படிக்கிற மத்தப் பிள்ளைகளுக்கு யாரம்மா சொல்றது?"

"அப்ப எம்புள்ள மட்டும் சந்தி சிரிக்கணுமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. செய்தியை வரிவரியாக வாசித்து, "இதப் படிச்சா உங்க ஆட்களுக்கு யாருன்னு தெரியுமா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். தெரியும் என்றதும் ஆயாவை எடுத்தார். தோட்டத்தை எடுத்தார். பிள்ளையின் வயது, வகுப்பு எல்லாம் போயின. மாணவி ஒருவர் என்பது மட்டும் மிஞ்சியது. ஆனால் அச்சில் என்ன வருமோ, யார் கண்டது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து லயவீட்டு அக்கா என் அருகில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அந்தச் செய்தியிலேயே அவர் கண் நின்றது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"யாரு பெத்த புள்ளையோ, பாவம்! நம்ம புள்ளைகளையும் கவனமா பார்த்துக்கணும்டி" என்றபடி பக்கத்தைப் புரட்டினார்.

"ஆமாக்கா" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடம் போனாள். இப்போதும் பேப்பரில் இப்படி ஒரு செய்தி கண்டால், யாராக இருக்கும் என்று துருவப் பார்க்கும் மனதை அதட்டி அடக்கிவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் தாய் என் பக்கத்து சீட்டிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.