பட்டியலில் இல்லாத சரை

யாழ்ப்பாணத்துச் சுருவிலில் இருந்து, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் பனங்கட்டியும் கனடாவுக்கு ஏற்றுமதி செய்கிறேன். முன்பெல்லாம் பெட்டிகளை ஒட்டும் நாளில் ஊர்ச்சனம் வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று அவர்கள் தரும் பொட்டலங்களை மா பைகளுக்கு நடுவே செருகிவிடுவேன். அதைப் பிழையென்று இங்கே யாரும் நினைத்ததில்லை.

பிறகு சுங்கம் எனக்கு நம்பகமான வணிகர் என்ற தகுதியைத் தந்தது. அந்தத் தகுதி உள்ளவரின் பெட்டிகளை அநேகமாகத் திறந்து பார்க்கமாட்டார்கள். அவர் கொடுக்கும் பட்டியலையே நம்புவார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். தலைக்கனமும் கொஞ்சம் ஏறிவிட்டது.

அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு அக்கா, ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கென்று மோர்மிளகாயைக் கடதாசியில் சரையாகச் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஏலாது அக்கா. பட்டியலில இல்லாத ஒண்டையும் இனி வைக்கமாட்டன்."

"ஒரு சின்னச் சரைதானே, தம்பி."

நான் அடுத்த பெட்டியை ஒட்டத் தொடங்கினேன். "ஓம், அப்ப சரி" என்று திரும்பிப் போனார். பட்டியலில் இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல்.

நாலு மாதத்தில் அக்கா செத்துப்போனார். செத்தவீட்டுக்கு வந்த மகன் குசினி அலுமாரியை ஒதுக்கும்போது அந்தச் சரையை எடுத்து என்னிடம் காட்டினான். மேலே அவனுடைய பெயர் எழுதியிருந்தது.

"இதை ஏன் மாமா அம்மா அனுப்பேல்லை?"

தகுதி கிடைத்தபின் சுங்கத்துக்கு ஒரு பொய்யும் எழுதிக் கொடுக்காதவன் நான்.

"அம்மா மறந்திட்டா போல, தம்பி" என்றேன்.