வால் துண்டும் தலைத் துண்டும்

ஔதக்குட்டியின் பெயரை ஏலியாம்மா முதன்முதலில் கேட்டது, இளைய மகள் ரோஸிலிக்கு வரன் கொண்டுவந்த தரகர் வாயால்தான். சங்கனாச்சேரிக்காரன். ஏலியாம்மாவின் மாமியாருடைய தங்கையைப் பெண் பார்த்து, பலகாரத்தையும் தின்றுவிட்டு, வேண்டாம் என்று போன குடும்பம்.

“பையனுக்கு என்ன வேலை?”

“படத்துக்கு அடியில எழுத்துப் போடுறான், சேச்சி.”

“செத்தவங்க படத்துக்கா?”

சினிமாவுக்கு என்று விளங்கவைப்பதற்குள் தரகரின் காப்பி ஆறிவிட்டது.

பையனைச் சோதிக்க ஏலியாம்மாவிடம் ஒரு வேலை இருந்தது. மூத்தவள் பின்ஸியைக் கொல்கத்தாவில் கொடுத்திருந்தார்கள். முழங்கால் வலியால் சம்பந்தியம்மா சுப்ரபா கல்யாணத்துக்கு வரவில்லை. வீடியோவையாவது புரிந்து பார்க்கட்டும் என்று, பேச்சுக்கெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்துப் போடச் சொன்னாள். ஔதக்குட்டி ஒருவர் வாயையும் விடாமல் எழுதி, எடிட்டிங் சாப்ட்வேருக்கு ஏற்ற கோப்பாக மாற்றிக் கொடுத்தான்.

வீடியோ போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பின்ஸி அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

“அம்மச்சி, என்னக் கட்டிப்பிடிச்சு அழுதப்போ என்ன சொன்னீங்க?”

“கர்த்தர் காக்கட்டும்னேன்.”

“அடியில, ‘வால் துண்டாப் பாத்து மாப்ளை வீட்டுப் பந்திக்குத் தள்ளு’ன்னு வருது. மாமியார் எங்கிட்டப் பேசுறதே இல்ல.”

ஔதக்குட்டியை வரவழைத்தார்கள். அவன் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தான்.

“வீடியோவுக்கு நொடிக்கு இருபத்தஞ்சு படம், அம்மச்சி. கோப்ப மாத்துறப்போ சினிமாப் பழக்கத்துல இருபத்துநாலுன்னு குடுத்துட்டேன். ஆரம்பத்துல தெரியாது. போகப்போக எழுத்து பின்தங்கிரும். கடைசியில நாலு நிமிஷம்.”

“அப்போ அந்த வால் யாரோடது?”

திருத்தி ஓட்டினான். எழுத்து நகர்ந்துபோய், மீன்குழம்பு வாளியோடு நின்ற ஏலியாம்மாவின் சொந்த அண்ணன் அவறாச்சனின் வாய்க்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“இது அதவிட மோசம். அழிச்சிரு.”

“அழிச்சா, இருந்தது எங்கேன்னு கேப்பாங்க.” அவன் போனை வாங்கிப் பின்ஸியைக் கூப்பிட்டான். “சேச்சி, அங்க கொல்கத்தாவுல மாப்ளைக்கு மீன்ல எத வைப்பாங்க?”

“தலைய. அதான் மரியாதை.”

ஒரே ஒரு சொல்லை மாற்றினான். வால் தலையாயிற்று; திருத்திய வீடியோ மறுபடி கொல்கத்தாவுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் பின்ஸி சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். “நம்ம கூட்டத்துலயே மாமாவுக்குத்தான் மரியாதை தெரியுமாம். மாமியார் சொன்னாங்க.”

“நான் என்னைக்கும் அப்படித்தானே,” என்றார் அவறாச்சன்.

ஏலியாம்மா தரகரைக் கூப்பிட்டு, “தின்ன பலகாரம் தின்னதாவே இருக்கட்டும், தேதியப் பாருங்க,” என்றாள்.

ஔதக்குட்டி இப்போது சங்கனாச்சேரியில், சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் ரோஸிலியோடு இருக்கிறான். அதே வேலைதான்.