கிரகித்தலுக்கு இரண்டு புள்ளி

அந்தப் பிள்ளை வாசித்தால் வகுப்பே வாயை மூடிக்கொண்டு கேட்கும். கொட்டாஞ்சேனையில் நான் தமிழ் படிப்பித்த பதினோராம் ஆண்டு வகுப்பில், மூன்றாவது வாங்கில் இருந்தவள். ஒரு தட்டுத்தடங்கல் கிடையாது. "இப்ப என்ன வாசிச்சனீர்?" என்று கேட்டால் மட்டும் முழுசுவாள். ஒரு வசனமும் உள்ளே போயிராது. அவள் மட்டுமா? முப்பது பேரில் இருபது பேர் அப்படித்தான்.

வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் நான் படிப்பித்த லட்சணம் அது. ஒரு வருடம் பந்தி பந்தியாக விளங்கப்படுத்திப் பார்த்தேன். தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம். சாதாரண தரப் பரீட்சை நெருங்க, அதிபரின் நச்சரிப்பும் சேர, குறுக்குவழியில் இறங்கினேன். "விளங்காட்டிப் பரவாயில்லை பிள்ளையள். கேள்வியில இருக்கிற சொல்லைப் பந்தியில தேடுங்கோ. அந்த வரியைப் பார்த்து எழுதுங்கோ." புள்ளிகள் ஏறின. வகுப்புச் சோதனையில், பந்தியை வாசித்து விடை எழுதும் கிரகித்தல் பகுதிக்கு அவள் பத்துக்கு எட்டு எடுத்தாள். வெட்கக்கேடு, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு மூன்று கிழமையாக ஆளைக் காணோம். ஒருநாள் வந்து, பள்ளிக்கூடத்தை விட்டுப் போக விடுகைப் பத்திரம் கேட்டாள். வீடு இருக்கும் காணியை அரசாங்கம் எடுக்கிறதாம். தாயும் அவளும் அட்டனில் மாமா வீட்டுக்குப் போகிறார்களாம். வந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். சுத்தத் தமிழ். ஆட்சேபனை இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் மாற்று வீடு கேட்கும் உரிமை இல்லை. பேலியகொடையில் மீன் வெட்டும் தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது. மகளைத்தான் நம்பியிருந்தாள்.

"எத்தன நாள் இருக்குன்னு அம்மா கேட்டாங்க மிஸ். நாளுங்கிற சொல்லத் தேடுனேன். பதினாலு நாள்னு இருந்திச்சு. அதுக்குள்ள சாமானெல்லாம் கட்டிட்டோம்."

ஐயோ, ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதுமே! என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்: "விடை பிழையா மிஸ்?"

பிழையில்லை. பரீட்சைத் தாளில் என்றால் இரண்டு புள்ளியும் முழுதாகப் போட்டிருப்பேன். அதை அவளிடம் எப்படிச் சொல்ல? அன்று பின்னேரமே கடிதத்தோடு புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஓடினேன். தெரிந்த சட்டத்தரணி ஒருவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நாள் கடந்திட்டுது டீச்சர். இனி ஒண்டும் செய்யேலாது."

இந்த வருடப் பிள்ளைகளுக்கும் பரீட்சை வருகிறது. முப்பது பேரில் இருபது பேர் வாசித்துவிட்டு முழுசுகிறார்கள். சொல்லைத் தேடுங்கோ, வரியைப் பார்த்து எழுதுங்கோ என்று இன்று காலையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.