மதகடியில் எடுத்த கணக்கு

ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. அதனால்தான் பிள்ளைப்பாக்கம் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த மாமா, அடுத்த வருஷத்துக்குப் போதுமான மீன்குஞ்சுகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். மதகடியில் வீசிய ஒவ்வொரு வலையிலும் குஞ்சுகள் துள்ளின.

"எக்கச்சக்கமா கீது மாமா, தைரியமா புடிங்க" என்றேன்.

குஞ்சுகளையும் விடாமல் அள்ளும் பொடிக்கண் வலை ஏரியில் இறங்கியது. அப்போது பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்து, மிஞ்சிய சோற்றை மதகடியில் கொட்டினார். குஞ்சுகள் மொய்த்தன.

"தினமும் இங்கதான் கொட்டுவீங்களாக்கா?"

"ஆமாப்பா. என் நிழலப் பாத்தாலே வந்துடும்."

வேறெங்கும் நான் வலை வீசிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பரிசலில் எதிர்க்கரைக்குப் போய் வீசினேன். வெறும் பாசி. நடு ஏரியிலும் அதேதான். அதற்குள் மாமாவின் ஆட்கள் பொடிக்கண் வலையை இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாமா, நிறுத்துங்க! நான் சொன்னது தப்பு!"

"ஐஸ் வண்டி வந்து நிக்குது. இப்ப இன்னாடா வெளையாட்டு?"

கரையில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பாசி ஒட்டிய வலையை அவர் காலடியில் விரித்தேன். மாமா குனிந்து அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கத்தினார்:

"அவுத்து வுடுங்கடா! பெரிய கண்ணு வலைய எடுங்க, குஞ்சுங்க தப்பிக்கட்டும்."

இப்போதெல்லாம் நல்ல சேதி சுலபமாகக் கிடைத்தால், அங்கே யார் சோறு கொட்டுகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.