இன்னா மேம்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்தது இது. பாடத்தில் பின்தங்கியவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு எடுப்பது என் வேலை. எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். தமிழ் என்றால் எங்கள் தமிழ்தான் என்ற திமிர் கொஞ்சம் உண்டு.

அந்த வகுப்பில் பென்னலூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். பிளஸ் டூ முடித்து, இரண்டு வருடம் தகடு அழுத்தும் மிஷின்களுக்கு நடுவே வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். நான் எதைச் சொன்னாலும் "இன்னா மேம்?" என்பாள். ஒருநாள் எரிச்சலில், "காலேஜுக்கு வந்தாச்சுல்லா, இன்னும் என்ன 'இன்னா'? 'என்ன'ன்னு சொல்லிப் பழகு" என்றேன். வகுப்பே சிரித்தது. வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை. அரியர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மந்தமான பெண் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அப்புறம் எங்களைப் போல் தனி வகுப்பு எடுப்பவர்களுக்கு, பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று புரிந்துகொள்ள இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். சான்றிதழ் கிடைக்குமே என்றுதான் போனேன். காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பயிற்சி கொடுத்த அம்மா போர்டைப் பார்த்தபடி பாடம் நடத்தினார். இரண்டே நிமிடத்தில் என்னையறியாமல் கேட்டேன்: "என்ன மேடம்?"

அந்தப் பென்னலூர்ப் பெண்ணும் இதையேதான் கேட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அவளைத் தேடினேன். போன வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டதாக ஆபீஸில் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழித்து, ஒரகடத்தில் அவள் கம்பெனி பஸ்ஸுக்காக யூனிஃபார்மில் நின்றிருந்தாள். பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"காது கேக்கலன்னு ஏம்மா சொல்லல?"

என் உதட்டையே பார்த்தவள் லேசாகச் சிரித்தாள். "இப்ப பிரச்னை இல்ல மேம். லைன்ல மிஷின் போடுற சத்தத்துல அங்க யாருக்குமே கேக்காது."

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்தபடி திரும்பி, நிதானமாக, திருத்தமாகக் கேட்டாள்: "என்ன மேம்?"

கதவு மூடிக்கொண்டது.

இப்போதெல்லாம் யார் 'இன்னா' என்றாலும் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்கிறேன். நான் கற்றுக்கொடுத்த அந்த 'என்ன'வுக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை.