மல்லி மாதிரியோடு போன ரத்தம்

"இ.எஸ்.ஆர். 38. ஹீமோகுளோபின் 7.8." மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடம் கொடுத்த சீட்டு இது. ஓரத்தில் என் கையெழுத்தில் "1972, ஆனி 19, கைக்கு வந்தது" என்று இருக்கிறது. ரத்தம் எடுத்த தேதியை நான் குறிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தேதி போடுகிறவன் அதை விட்டதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அது என் அக்காள் கணவரின் ரத்தம். திருச்சுழிக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் கொத்தமல்லியும் பருத்தியும் போடுகிற சம்சாரி அவர். பங்குனியில் மதுரையில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பெருங்குடலில் புற்று, ஈரலுக்கும் போயிருந்தது. குடல்புண் என்று அவரிடம் சொல்லிவைத்தோம். உண்மை அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எத்தனை நாள் இருப்பார் என்று டாக்டரிடம் கேட்டேன். வெளிநாட்டில் இந்த நோய்க்காரர்களின் ரத்தத்தில் ஒரு தனிப் பொருளைக் கண்டுபிடித்திருப்பதாக நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். அதையும் கேட்டேன்.

"அதெல்லாம் இங்க இன்னும் வரலீங்க. நம்மகிட்ட இருக்கிறது கண்ணாடிக் குழாய்தான். ரத்தத்தை அதுல நிறுத்தினா ஒரு மணி நேரத்துல சிவப்பு எவ்வளவு கீழ இறங்குதுன்னு பார்ப்போம், அதான் இ.எஸ்.ஆர். அந்த எண் ஏறிக்கிட்டே போயி, ஹீமோகுளோபின்ங்கிற ரத்த அளவும் குறைஞ்சுக்கிட்டே வந்தா நாள் அதிகமில்லைன்னு வச்சுக்கங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

உறுதியில்லை என்று அவர் சொன்னது என் காதில் நிற்கவில்லை. எண் நின்றுவிட்டது. சித்திரையில் 84, வைகாசியில் 92. அவர் மகளுக்குப் பந்தல்குடியில் மாப்பிள்ளை பேசி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் அவருக்கு ஏதாவது ஆனால் ஒரு வருஷம் அந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாது. பையன் வீட்டார் அதுவரை காத்திருப்பார்களா? பஸ்ஸில் போகும்போது 92-லிருந்து ஆவணி வரை விரல் விட்டு எண்ணுவேன்.

ஆனியில் அவரால் மதுரைக்குப் பயணம் செய்ய முடியவில்லை. திருச்சுழி கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து, உறையாமலிருக்க மருந்து போட்ட சீசாவில் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அருப்புக்கோட்டையில் மல்லி, வத்தல் கமிஷன் கடை. சரக்கின் மாதிரியைப் பொட்டலம் கட்டி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் அவர் வைத்துவிட்டுப் போவார். மொத்த வியாபாரியின் ஆள் வசதிப்பட்டபோது வந்து எடுத்துக்கொள்வான். சீசாவையும் பஞ்சில் சுற்றி அதே பொட்டலத்தோடு அனுப்பினேன். பரிசோதனைக்கூடத்தில் சேர்த்துவிடும்படி ஒரு துண்டுச்சீட்டும் வைத்தேன்.

"என்ன மாப்ள, என் ரத்தத்தையும் மல்லியோட அனுப்பிட்டியா? நெறம் மட்டம்னு கழிச்சிரப் போறான்" என்று மச்சான் சிரித்தார்.

38 வந்தது. அக்கா சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தைய மாதம் 8.6 ஆக இருந்த ஹீமோகுளோபின் 7.8 ஆகியிருந்ததை நானும் கவனிக்கவில்லை. வீட்டு வேலை முடியவில்லை, தையில் வைத்துக்கொள்ளலாமா என்று அந்த வாரமே பந்தல்குடியிலிருந்து கேட்டார்கள். 38-ஐ நம்பிச் சரி என்று சொன்னவன் நான்தான்.

ஆடியில் மதுரையில் எனக்கே வேலை இருந்ததால் சீசாவை நானே கொண்டுபோனேன். பரிசோதனை செய்கிறவர், "எப்ப எடுத்தது?" என்றார்.

"இன்னைக்குக் காலையில."

"பரவால்ல. போன தடவை யாரோ ஒருத்தர் மல்லி வாசத்தோட கொண்டுவந்தாரு, எப்ப எடுத்ததுன்னு கேட்டா அவருக்கே தெரியல. ரத்தம் ரொம்ப நேரம் கெடந்தா சிவப்பு சரியா எறங்காதுங்க, எண் கொறச்சலாக் காட்டும்."

ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 118 என்று எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 6.9.

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சீட்டு பையில் கனத்தது. தைக்கு ஐந்து மாதத்துக்குமேல் இருந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது? பந்தல்குடியில் என்ன காரணம் காட்டுவது? திருச்சுழியில் இறங்கி நடந்தேன். வாசலுக்கு வந்ததும் முதலில் உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்றுதான் காது கொடுத்தேன்.

மச்சான் கட்டிலில் விழித்துப் படுத்திருந்தார். சீட்டு இன்னும் என் பையில்தான் இருந்தது.

"மாப்ள, தை வேணாம். ஆவணியிலயே முடிச்சிருவோம். நீ பந்தல்குடிக்குப் போயிச் சொல்லிட்டு வா."

"ஏன் மச்சான், திடீர்னு?"

"எம் மகளுக்கு உக்காந்து தாரை வாக்கணும்லடா. படுத்துக்கிட்டா வாக்கச் சொல்ற?"

மறுநாளே போனேன். பெண்ணின் அப்பாவுடைய ஆசை என்று மட்டும் சொன்னேன். பையனின் தாயார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டு வேலை கெடக்கட்டும், நாளைப் பாருங்க" என்றார்.

ஆவணி 20 கல்யாணம். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தோம். எல்லோரும் தாலியைப் பார்த்தபோது நான் அவர் கையில் சாய்ந்திருந்த செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விட்டுவிட்டு விழுந்தது, ஆனால் விழுந்தது. புரட்டாசி 17 அன்று காலமானார்.

தை வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு முன் அவரிடம் நோயை யார் சொன்னார்கள் என்பது தெரியவில்லை. தான் சொல்லவில்லை என்கிறாள் அக்கா. கம்பவுண்டர் ஊகித்துச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்து, அவர் மாற்றலாகிப் போன ஊருக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மச்சானுக்குத் தன் நோய் தெரிந்திருந்தது என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.