துரை கொடுத்த சாக்கு

பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையில் சம்பளம் ஒரு பக்கம்தான் வரும், திட்டு இரண்டு பக்கமும் வரும். இங்கிலீஷிடம் அடிபட்ட அன்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் எனக்கு அந்த வேலை. புது மெஷின்களை நிறுவ ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். நான் படித்தது பாடப்புத்தக இங்கிலீஷ்; அவர் பேசியது அவர்கள் ஊர்த் தெருவில் பேசுவது.

தங்கமான மனுசன்

ஒரு நாள் ஃபிட்டர் முனுசாமி மெஷினுக்குப் பின்னால் வெறும் சிமென்ட் தரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். துரை பார்த்துவிட்டார். முகம் தக்காளிப்பழம். "கிவ் ஹிம் த சாக்!" என்று என்னிடம் கத்திவிட்டுப் போய்விட்டார்.

சாக் என்றால் சாக்கு. அதுகூடவா எனக்குத் தெரியாது? தொழிலாளி வெறும் தரையில் கிடப்பது துரைக்கே பொறுக்கவில்லை என்று நெகிழ்ந்துபோனேன். ஸ்டோரில் கிழிசல் இல்லாத சாக்காகப் பார்த்து வாங்கி, முனுசாமியை எழுப்பி, "துரை கொடுக்கச் சொன்னார்" என்று நீட்டினேன். அவன் அதை உதறி விரித்துக்கொண்டே சொன்னான்: "தங்கமான மனுசன் சார். தலைக்கு இன்னா வச்சிக்கறதுன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு சார்."

பையும் ஆளும்

மறுநாள் முனுசாமி அந்தச் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான். துரையைக் கண்டதும் எழுந்து பெரிய கும்பிடு போட்டான். துரை மானேஜர் ராகவாச்சாரியிடம் பாய்ந்தார். மானேஜர் என்னிடம் பாய்ந்தார். "ஓய், அவனை வேலையை விட்டு நீக்கச் சொன்னா, கோணியை எடுத்துக் குடுத்திருக்கீரே!"

துரையே விளக்கினார். அவர்கள் ஊரில் அந்தக் காலத்துத் தொழிலாளி தன் சாமான்களை ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வருவானாம். முதலாளி அந்தப் பையைத் திருப்பிக் கையில் கொடுத்தால் வேலை போச்சு. சொல் வந்த கதை அதுதான் என்று பலர் சொல்கிறார்களாம். நம் ஊரில் சீட்டைக் கிழிப்பதுபோல.

இதைச் சுற்றி வளைத்து முனுசாமிக்குத் தமிழில் சொன்னேன். அவன் பெண்சாதி நிறைமாசம். செவ்வாப்பேட்டைக்கு அப்பால் இருந்த நிலத்துக்கு இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேராக வேலைக்கு வந்தவன் அவன். அதையும் துரையிடம் சொன்னேன். அவர் இளகவில்லை. பிறகு முனுசாமி ஒன்று சொன்னான். அதை அப்படியே இங்கிலீஷாக்கினேன். துரை மேஜையைத் தட்டிச் சிரித்தார். சிரித்த வாயால் மறுபடி 'போ' என்று சொல்ல வரவில்லை. எச்சரிக்கையோடு விட்டு, மாலை ஷிப்டுக்கு மாற்றினார். முனுசாமி சொன்னது இதுதான்: "நான் வரசொல்லோ வெறுங்கையோடதான சார் வந்தேன்? பையே கொண்டாராதவனுக்குப் பைய எப்டி சார் திருப்பித் தருவாரு?"

யாரை அடிக்கப் போகிறார்?

அப்புறம் ஒரு மத்தியானம். துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஐ'ம் கோயிங் டு ஹிட் த சாக்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரியுமே! ஆளைக் குறைக்கப் போகிறார், அதுவும் அடித்து! மானேஜரிடம் ஓடினேன். "பெருமாளே!" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். செய்தி பரவியது. யாரும் டீ குடிக்கப் போகவில்லை. என்றைக்கும் இல்லாமல் எல்லா மெஷினும் ஓடின.

சாயங்காலம் மானேஜரும் நானும் கெஞ்சிக் கேட்கலாம் என்று கெஸ்ட் ஹவுஸுக்குப் போனோம். துரை கொட்டாவி விட்டபடி வந்து கதவைத் திறந்தார். தலைவலி, தூங்கிவிட்டாராம். அவர்கள் பேச்சில் படுக்கைக்கும் அதே சொல்லாம்; அதை 'அடிப்பது' என்றால் படுக்கப் போவதாம். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் அன்றைக்கு எனக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்த ஸ்டோர்கீப்பர் பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்: "தூங்குனவனுக்கும் சாக்கு, தூங்கப் போறவருக்கும் சாக்கு. பேஜாரு புடிச்ச பாஷ சார் இது!"

மொத்தத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷால் யாரும் பிழைத்ததாக நினைவில்லை, தெரியாத இங்கிலீஷால்தான் ஒருத்தன் வேலை பிழைத்தது.